ஒரே கத்திரிக்காய், 3 நாடுகள், 3 முடிவுகள்: மரபணு மாற்றப் பயிரால் யாருக்கு லாபம்?

கத்திரிக்காயை நறுக்கும்போது உள்ளே புழு நெளிந்தால், அந்தக் காயைத் தூக்கி எறிந்துவிட்டு வேறொன்றை எடுத்துக்கொள்வோம். விவசாயியால் அப்படிச் செய்ய முடியாது. அவர் எறிய வேண்டியது மூட்டை மூட்டையாக இருக்கும்.

அந்தப் புழுவைச் சமாளிக்க, மரபணு மாற்றப்பட்ட கத்திரிக்காயை விஞ்ஞானிகள் உருவாக்கினர். இந்தியா, பங்களாதேஷ், பிலிப்பீன்ஸ் மூன்றுக்கும் போனது ஒரே மரபணுதான். ஆனால் இந்தியா அதை நிறுத்தி வைத்தது. பங்களாதேஷ் பயிரிட்டது. பிலிப்பீன்ஸில் அது வயலுக்கும் நீதிமன்றத்துக்கும் இடையே அலைகிறது.

ஏன் இப்படி? மரபணு மாற்றப் பயிர்கள் ஏழை நாடுகளுக்கு உதவுமா? இல்லை, பெரிய நிறுவனங்களுக்கு மட்டும்தான் லாபமா?

சுருக்கமா சொன்னா...

- மரபணு மாற்ற விதை விவசாயிக்கு லாபம் தரலாம். சில இடங்களில் தந்திருக்கிறது.
- அந்த லாபம் நிலைக்குமா என்பதை மரபணு மட்டும் முடிவு செய்வதில்லை. விதையின் விலை, யார் விற்கிறார்கள், அரசாங்கம் எப்படிக் கண்காணிக்கிறது, சந்தை என்ன கேட்கிறது என எல்லாமே சேர்ந்து முடிவு செய்கின்றன.
- அனுமதி கொடுப்பதற்கு ஒரு விலை உண்டு. அனுமதி கொடுக்காமல் இருப்பதற்கும் ஒரு விலை உண்டு.

முதலில், கத்திரிக்காய்க்கு என்னதான் பிரச்சினை?

தெற்காசியா, தென்கிழக்காசியா இரண்டிலும் கத்திரிக்காயின் பெரிய எதிரி ஒன்றுதான். அதன் பெயர் தண்டு, காய்த் துளைப்பான். ஒரு சிறிய அந்துப்பூச்சியின் புழு அது.

முட்டையிலிருந்து வெளிவந்த சிறிது நேரத்திலேயே புழு தண்டுக்குள்ளோ காய்க்குள்ளோ துளைத்துக்கொண்டு போய்விடும். உள்ளே போனபின் வெளியிலிருந்து எவ்வளவு மருந்தடித்தாலும் அதன்மேல் படாது.

அதனால் விவசாயிகள் என்ன செய்கிறார்கள்? புழு உள்ளே போவதற்கு முன்பே பிடிக்க வேண்டும் என்று திரும்பத் திரும்ப மருந்தடிக்கிறார்கள். வாரத்தில் பல முறை அடிப்பவர்களும் உண்டு. பல இடங்களில் கையுறை, முகக்கவசம் எதுவும் இருக்காது. முதுகில் தெளிப்பானை மாட்டிக்கொண்டு வெறுங்காலோடு நடப்பார்கள்.

விளைவு மூன்று பக்கமும் அடி: மருந்துக்குப் பணம் போகிறது, விவசாயியின் உடல்நலம் கெடுகிறது, மருந்தின் மிச்சம் சந்தைக்கு வரும் காயிலும் ஒட்டிக்கொண்டு வரலாம்.

பி.டி. கத்திரிக்காய்னா என்ன?

மண்ணில் இயற்கையாக வாழும் ஒரு பாக்டீரியா இருக்கிறது. பெயர் பேசில்லஸ் துரிஞ்சியென்சிஸ். சுருக்கமாக பி.டி. சில வகைப் புழுக்களைக் கொல்லும் புரதத்தை அது உற்பத்தி செய்கிறது.

இந்தப் பாக்டீரியாவைத் தெளிப்பாகப் பயன்படுத்துவது புதிதல்ல. இயற்கை விவசாயிகளே பல்லாண்டாக அதைத் தெளித்து வந்திருக்கிறார்கள்.

விஞ்ஞானிகள் செய்தது இதுதான்: அந்தப் புரதத்தை உருவாக்கும் மரபணுவை எடுத்துக் கத்திரிச் செடிக்குள் வைத்தார்கள். இப்போது செடியே புரதத்தை உருவாக்கும். புழு கடித்தால் புரதம் அதன் குடலைத் தாக்கும், புழு செத்துவிடும்.

மனிதர்களுக்கு? அந்தப் புரதம் வேலை செய்யக் காரத்தன்மையுள்ள குடலும், அது ஒட்டிக்கொள்வதற்கான குறிப்பிட்ட அமைப்பும் தேவை. அவை அந்தப் புழுக்களின் குடலில் இருக்கின்றன. நமது வயிறு அமிலத்தன்மை கொண்டது.

அனைத்துலகச் சந்தையில் தற்போது உள்ள மரபணு மாற்றப்பட்ட உணவுகள் பாதுகாப்புச் சோதனைகளில் தேறியவை என்றும், அவை மனித உடல்நலத்துக்கு ஆபத்து விளைவிக்க வாய்ப்பில்லை என்றும் உலகச் சுகாதார நிறுவனம் கூறுகிறது. ஆனால் மொத்தமாக எல்லாவற்றுக்கும் ஒரே தீர்ப்பு சொல்ல முடியாது, ஒவ்வொரு பயிரையும் தனித்தனியாகச் சோதிக்க வேண்டும் என்பதும் அதன் நிலைப்பாடு.

ஏழை நாடுகளில் இது எவ்வளவு பெரிய விஷயம்?

2019ஆம் ஆண்டுக் கணக்குப்படி 29 நாடுகளில் சுமார் 190 மில்லியன் ஹெக்டரில் மரபணு மாற்றப் பயிர்கள் விளைந்தன. சிங்கப்பூரின் பரப்பளவைப்போல் ஏறக்குறைய 2,500 மடங்கு! அந்த 29 நாடுகளில் 24 வளரும் நாடுகள்.

ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அந்தப் பரப்பில் மிகப் பெரும்பகுதி நான்கே பயிர்கள்: சோயா, சோளம், பருத்தி, கனோலா. பெரும்பாலும் கால்நடைத் தீவனம், எண்ணெய், துணி. பிரேசில், அர்ஜென்டினா போன்ற நாடுகளின் பெரும்பண்ணைகளில்தான் அதிகம்.

காரணம் எளிது. விதை ஆராய்ச்சிக்கு ஏராளமான பணமும் நேரமும் தேவை. பெரிய சந்தை இருக்கும் பயிரில்தான் நிறுவனங்கள் பணம் போடும். அரை ஏக்கரில் கத்திரி போடும் குடும்பத்தை நம்பி யாரும் அவ்வளவு முதலீடு செய்ய மாட்டார்கள்.

அதனால்தான் பி.டி. கத்திரிக்காய் கவனிக்கத்தக்கது. சிறு விவசாயிகள் விளைவித்து, சாதாரண மக்கள் அன்றாடம் சாப்பிடும் ஒரு காய்கறி அது.

அதை உருவாக்கியது யார்?

இந்தியாவின் மகாராஷ்டிர மாநிலத்தைச் சேர்ந்த மஹிகோ என்ற விதை நிறுவனம். அமெரிக்காவின் மொன்சாண்டோ நிறுவனம் அதில் 26 விழுக்காட்டுப் பங்கு வைத்திருந்தது.

மஹிகோ இரண்டு பாதைகளில் போனது:

- தனியார் பாதை: தானே வீரிய ஒட்டு ரகங்களை விற்கத் திட்டமிட்டது. இந்த விதைகளை விவசாயி சேமித்து அடுத்த போகத்தில் விதைத்தால் அதே விளைச்சல் கிடைக்காது. ஒவ்வொரு முறையும் புதிதாக வாங்க வேண்டும்.
- பொதுப் பாதை: அதே மரபணுவை அரசாங்க ஆய்வு நிலையங்களுக்குக் கட்டணமின்றிக் கொடுத்தது. கோயம்புத்தூரிலுள்ள தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம், கர்நாடகாவின் தார்வாட் வேளாண் பல்கலைக்கழகம், பங்களாதேஷ் வேளாண் ஆய்வுக் கழகம், பிலிப்பீன்ஸ் பல்கலைக்கழகத்தின் லாஸ் பானியோஸ் வளாகம் ஆகியவை அதைப் பெற்றன. அமெரிக்க அரசாங்க நிதியில், கார்னல் பல்கலைக்கழகம் வழிநடத்திய திட்டம் அது.

பொதுப் பாதையில் உருவானவை உள்ளூர் ரகங்கள். விவசாயி விதையை எடுத்துவைத்து மறுபடியும் விதைக்கலாம். பொருளியல் பார்வையில் இது சின்ன வித்தியாசம் இல்லை. பின்னால் வரும் எல்லாவற்றுக்கும் இதுவே அடிப்படை.

இந்தியா: அனுமதி வந்தது, விதை வரவில்லை

2009 அக்டோபர் 14. இந்தியாவின் மரபணுப் பொறியியல் ஒப்புதல் குழு பி.டி. கத்திரிக்காய்க்குப் பச்சைக்கொடி காட்டியது. அதோடு விஷயம் முடியவில்லை.

அப்போதைய சுற்றுச்சூழல் அமைச்சர் ஜெய்ராம் ரமேஷ், முடிவெடுக்கும் முன் மக்களிடம் கேட்கப்போவதாகச் சொன்னார். கொல்கத்தா முதல் பெங்களூரு வரை 7 நகரங்களில் கூட்டங்கள் நடந்தன. விவசாயிகள், விஞ்ஞானிகள், ஆர்வலர்கள் என்று பலரும் கலந்துகொண்டனர். சில கூட்டங்களில் கூச்சலும் குழப்பமும்தான் மிச்சம்.

2010 பிப்ரவரி 9ஆம் தேதி அவர் இடைக்காலத் தடை அறிவித்தார். அவர் சொன்ன முக்கியக் காரணங்கள்:

- விஞ்ஞானிகளிடையே ஒருமித்த கருத்து இல்லை.
- பல மாநில அரசாங்கங்கள் எதிர்க்கின்றன.
- நிறுவனத்தின் சோதனைத் தரவுகளைத் தாண்டி, சுயேச்சையான சோதனைகள் போதவில்லை.
- ஏராளமான கத்திரி ரகங்களின் தாயகம் இந்தியா. அந்தப் பன்மையைக் காக்க வேண்டும்.

தடை "இடைக்கால"மாகத்தான் வந்தது. ஆனால் அது விலக்கப்படவே இல்லை. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் உள்ளூர் ரகங்களில் செய்துவைத்த வேலையும் வயலுக்குப் போகவில்லை.

அப்போ இந்தியாவில் பி.டி. கத்திரிக்காயே இல்லையா? அதுவும் இல்லை. 2019இல் ஹரியானாவில் ஒரு வயலில் அனுமதியில்லாத பி.டி. கத்திரி விளைந்திருப்பது தெரியவந்தது. அதிகாரிகள் செடிகளை அழித்தனர்.

பங்களாதேஷ்: 20 விவசாயிகளில் தொடங்கியது

2013 அக்டோபர் 30ஆம் தேதி பங்களாதேஷ் நான்கு பி.டி. ரகங்களுக்கு அனுமதி கொடுத்தது. தெற்காசியாவில் மரபணு மாற்றப்பட்ட உணவுப் பயிர் ஒன்று வயலுக்குப் போனது அதுவே முதல் முறை.

2014 ஜனவரியில் நான்கு வட்டாரங்களில் 20 விவசாயிகளுக்கு நாற்றுகள் கொடுக்கப்பட்டன. 2018க்குள் அந்த எண்ணிக்கை 27,000ஐத் தாண்டியது.

விதை கொடுத்தது அரசாங்க ஆய்வுக் கழகம். தனியார் நிறுவனத்துக்குக் கட்டணம் இல்லை. விதையைச் சேமித்துக்கொள்ளலாம்.

பலன் என்ன? அனைத்துலக உணவுக் கொள்கை ஆய்வுக் கழகம் 2017-18இல் வடமேற்குப் பகுதியின் 200 கிராமங்களில் ஏறக்குறைய 1,200 விவசாயிகளை வைத்து ஆராய்ந்தது. எந்தக் கிராமத்துக்கு பி.டி. விதை, எதற்குச் சாதாரண விதை என்பதைக் குலுக்கல் முறையில் முடிவு செய்தார்கள். இரு தரப்பும் போட்டது ஒரே ரகம்; வித்தியாசம் அந்த மரபணு மட்டும்தான்.

இது ஏன் முக்கியம்? வழக்கமாகப் புதிய விதையை முதலில் முயற்சி செய்பவர்கள் வசதியான, கெட்டிக்கார விவசாயிகளாக இருப்பார்கள். அவர்களுக்கு எந்த விதை கொடுத்தாலும் நன்றாக விளையும். குலுக்கல் முறை அந்தக் குழப்பத்தை நீக்கிவிடுகிறது.

ஆய்வில் தெரிந்தவை:

- பி.டி. கிராமங்களில் விளைச்சல் 51 விழுக்காடு அதிகம்.
- பூச்சிமருந்துச் செலவு 37.5 விழுக்காடு குறைவு.
- பூச்சிமருந்தால் வரும் உடல்நலக் கோளாறுகளின் அறிகுறிகளும் குறைந்தன. ஏற்கெனவே நாள்பட்ட பாதிப்பு இருந்தவர்களிடம் இது தெளிவாகத் தெரிந்தது.

கடைசி வரியை இன்னொரு முறை படியுங்கள். மரபணு மாற்றத்தை எதிர்ப்பவர்கள் பலர் பேசுவது உடல்நலத்தைப் பற்றி. இங்கே அந்தத் தொழில்நுட்பத்தால் உடல்நலம் மேம்பட்டது. மேம்பட்டது, காயைச் சாப்பிட்டவருக்கு அல்ல, மருந்தடித்தவருக்கு.

குறைகளும் உண்டு. பி.டி. ஒரு வகைப் புழுவை மட்டும்தான் தடுக்கும். வெள்ளை ஈ, அசுவினி, வாடல் நோய் எல்லாம் அப்படியே இருக்கும். "இனிமே மருந்தே வேண்டாம்" என்று நினைத்த விவசாயி ஏமாந்துபோவார். அதைச் சொல்லிக்கொடுக்கக் கிராமத்தில் வேளாண் அதிகாரி இருந்தாக வேண்டும். ஆய்வுக்கு அமெரிக்க அரசாங்க நிதி கிடைத்ததையும் இங்கே சொல்லியாக வேண்டும். பயிரை உருவாக்கும் திட்டத்துக்கு உதவியதும் அதே நிதிதான்.

பிலிப்பீன்ஸ்: நீதிமன்றத்தில் கத்திரிக்காய்

பிலிப்பீன்ஸ் இதில் புதிய நாடல்ல. 2002லேயே பி.டி. சோளத்துக்கு அனுமதி கொடுத்துவிட்டது. ஆனால் கத்திரிக்காய் விஷயத்தில் கதை வேறு மாதிரி போனது.

- 2013: சோதனை வயல்களை நிறுத்தும்படி மேல்முறையீட்டு நீதிமன்றம் உத்தரவிட்டது.
- 2015 டிசம்பர்: உச்ச நீதிமன்றம் அதை உறுதிப்படுத்தியது. மரபணு மாற்றப் பயிர்களுக்கான அரசாங்க விதிமுறையையே செல்லாது என்றது.
- 2016 ஜூலை: அதே உச்ச நீதிமன்றம் தன் தீர்ப்பைத் திரும்பப் பெற்றது. சோதனைகள் ஏற்கெனவே முடிந்துவிட்டதால் வழக்கே தேவையற்றது என்றது.
- 2022: வணிக ரீதியில் பயிரிட அரசாங்கம் அனுமதித்தது.
- 2024 ஏப்ரல்: மேல்முறையீட்டு நீதிமன்றம் மறுபடியும் நிறுத்தியது.

இந்த முறை கத்திரிக்காயுடன் "தங்க அரிசி"யும் மாட்டிக்கொண்டது. வைட்டமின் ஏ குறைபாட்டைக் குறைப்பதற்காக உருவாக்கப்பட்ட மரபணு மாற்ற அரிசி அது. அதை வணிக ரீதியில் பயிரிட 2021இல் அனுமதித்து, உலகிலேயே அப்படிச் செய்த முதல் நாடானது பிலிப்பீன்ஸ்.

வழக்குத் தொடுத்தவர்கள் விவசாயிகள், ஆர்வலர்கள், கிரீன்பீஸ் உள்ளிட்ட அமைப்புகள். அவர்கள் கையில் எடுத்தது "கலிகாசான்" மனு. தகாலோக் மொழியில் அந்தச் சொல்லுக்கு இயற்கை என்று பொருள். சுற்றுப்புறத்தைக் காக்கக் குடிமக்கள் நேரடியாக நீதிமன்றம் போகும் வழி அது.

நீதிமன்றம் பார்த்தது: தீங்கு இல்லை என்பது முழுமையாக உறுதியாகாதபோது எச்சரிக்கையாக இருப்பதே மேல். அரிசி ஆய்வாளர்கள் கேட்பது: முழு உறுதி எந்தத் தொழில்நுட்பத்துக்குக் கிடைக்கும்? அதுவரை வைட்டமின் இல்லாமல் வளரும் பிள்ளைகளுக்கு என்ன பதில்?

இரண்டுமே நியாயமான கேள்விகள். ஆனால் முடிவு பத்தாண்டுக்கு மேல் இழுத்துக்கொண்டே போனால் அடுத்த முறை அரசாங்கப் பல்கலைக்கழகம் ஒரு பயிரில் பணம் போடவே தயங்கும். நீண்ட இழுபறியைத் தாக்குப்பிடிக்கப் பெரிய நிறுவனங்களால்தான் முடியும்.

பருத்தி சொல்லும் பாடம்

கத்திரிக்காயைவிடப் பழைய கதை பருத்தி. நாளாக ஆக என்ன நடக்கும் என்று அது காட்டுகிறது.

இந்தியா 2002 மார்ச்சில் பி.டி. பருத்திக்கு அனுமதி கொடுத்தது. சில ஆண்டுகளிலேயே பருத்தி நிலத்தின் 90 விழுக்காட்டுக்கு மேல் அது பரவியது. யாரும் கட்டாயப்படுத்தவில்லை. விவசாயிகள் தேடிப்போய் வாங்கினார்கள்.

தமிழ்நாடு உட்பட நான்கு மாநிலங்களில் 2002 முதல் 2008 வரை நடந்த ஒரு ஆய்வு 2012இல் வெளியானது. ஏக்கருக்கு விளைச்சல் 24 விழுக்காடும் லாபம் 50 விழுக்காடும் கூடியதாக அது சொன்னது.

நல்ல செய்திதானே? ஆனால் இரண்டு சிக்கல்கள் வந்தன.

சிக்கல் 1: விதையின் விலை

தொடக்கத்தில் 450 கிராம் பொட்டலம் 1,600 ரூபாய்க்கு மேல் விற்றது. அதில் பெரும்பகுதி தொழில்நுட்பக் கட்டணம். 2006இல் ஆந்திர அரசாங்கம் தலையிட்டு 750 ரூபாய் என்று உச்சவரம்பு விதித்தது.

2016இல் மத்திய அரசாங்கமே நாடு முழுவதும் விலையை நிர்ணயித்தது: 800 ரூபாய், அதில் தொழில்நுட்பக் கட்டணம் 49 ரூபாய் மட்டும். 2020இல் அந்தக் கட்டணம் பூஜ்யமானது.

விவசாயிக்கு லாபம். ஆனால் அதே 2016இல், அடுத்த தலைமுறைப் பருத்தி விதைக்கான விண்ணப்பம் மீட்டுக்கொள்ளப்பட்டது. தொழில்நுட்பத்தைப் பகிரக் கட்டாயப்படுத்தும் அரசாங்கத் திட்டம் அதற்கு முக்கியக் காரணமாகச் சொல்லப்பட்டது. பிறகு என்ன நடந்தது தெரியுமா? களைக்கொல்லியைத் தாங்கும் பருத்தி விதை அனுமதியில்லாமல் கள்ளச்சந்தையில் புழங்கியது. 2019இல் மகாராஷ்டிரத்தில் விவசாயிகள் அதை வெளிப்படையாக விதைத்தே போராட்டம் நடத்தினார்கள்.

விலையைக் கட்டுப்படுத்தாவிட்டால் சிறு விவசாயி கடனில் விழுவார். ரொம்பவும் அழுத்தினால் புதிய விதையே வராது. இந்தக் கயிற்றில் நடப்பதுதான் கொள்கை வகுப்பவர்களின் வேலை.

சிக்கல் 2: புழுவும் கற்றுக்கொள்ளும்

ஒரே நஞ்சைத் திரும்பத் திரும்பச் சந்தித்தால், அதைத் தாங்கும் ஒருசில புழுக்கள் மட்டும் பிழைத்துப் பெருகும். அதைத் தள்ளிப்போட ஒரு வழி உண்டு. வயலின் ஒரு பகுதியில் சாதாரணப் பருத்தியை "அடைக்கலப் பயிராக" விதைக்க வேண்டும். அங்கே வளரும் சாதாரணப் புழுக்கள் தாங்கும் புழுக்களோடு இனம் சேர்ந்து, எதிர்ப்புத்திறன் பரவுவதை மெதுவாக்கும்.

விதி அப்படி. ஆனால் இரண்டு ஏக்கர் வைத்திருப்பவர் அதில் ஒரு பகுதியைப் புழுவுக்கு விட்டுக்கொடுப்பாரா? பெரும்பாலோர் விடவில்லை. இளஞ்சிவப்புக் காய்ப்புழு எதிர்ப்புத்திறன் பெற்றுவிட்டதை 2010இல் மொன்சாண்டோவே உறுதி செய்தது. பிறகு இரண்டாம் தலைமுறை விதையையும் அது சமாளித்தது.

2020இல் வெளிவந்த ஒரு நீண்டகால ஆய்வு, பி.டி. வருவதற்கு முன்பு செலவிட்டதைவிட விவசாயிகள் இப்போது பூச்சிமருந்துக்கு அதிகம் செலவிடுவதாகக் கூறியது. முதல் ஆய்வு பொய்யா? இல்லை. முதலாவது ஆரம்ப ஆண்டுகளைப் பார்த்தது, இரண்டாவது இருபது ஆண்டுகளைப் பார்த்தது. இரண்டையும் சேர்த்துப் படித்தால்தான் முழுப் படம் கிடைக்கும்.

பங்களாதேஷின் கத்திரிக்கும் இதே சோதனை காத்திருக்கிறது.

சந்தை கைவிட்டால்? புர்க்கினா பாசோவின் அனுபவம்

மேற்கு ஆப்பிரிக்காவின் புர்க்கினா பாசோ 2008இல் பி.டி. பருத்தியை வணிக ரீதியில் தொடங்கியது. விளைச்சல் கூடியது, மருந்தடிப்பது குறைந்தது. விவசாயிகளுக்குத் திருப்தி.

ஆனால் அந்நாட்டுப் பருத்திக்கு உலகச் சந்தையில் பெயர் வாங்கிக்கொடுத்தது அதன் நீளமான இழை. புதிய ரகத்தில் இழை குட்டையானது. தரம் குறைந்தால் விலையும் குறையும். பருத்தி நிறுவனங்களுக்கு நட்டம்.

2016வாக்கில் அந்நாடு பழைய ரகங்களுக்கே திரும்பிவிட்டது. புழுவை வென்ற விதை சந்தையில் தோற்றது.

ஏற்றுமதிப் பயம் உணவிலும் உண்டு. 2002இல் பஞ்சம் வாட்டியபோதும், மரபணு மாற்றப்பட்ட சோளத்தை உணவு உதவியாக ஏற்க ஸாம்பியா மறுத்தது. உடல்நலக் கவலையோடு, ஐரோப்பியச் சந்தை கைநழுவிப் போகுமோ என்ற கவலையும் அப்போது பேசப்பட்டது.

சரி, கடைசியில் பணம் யாருக்குப் போகுது?

புதிய விதையால் கிடைக்கும் கூடுதல் லாபத்தை மூன்று தரப்பு பங்குபோட்டுக்கொள்ளும்:

- விதை நிறுவனம்: போட்டி இல்லாவிட்டால், ஒவ்வொரு போகமும் விதை வாங்கியாக வேண்டிய நிலை இருந்தால், பெரிய பங்கு இங்கே போகும்.
- விவசாயி: விதை மலிவாகவோ சேமிக்கக்கூடியதாகவோ இருந்தால் பங்கு கூடும். மழை, கடன் வட்டி, மருந்துக்கடைக்காரரின் ஆலோசனை எல்லாம் இந்தப் பங்கைக் கடித்துக்கொண்டே இருக்கும்.
- வாங்குபவர்: எல்லாரும் அதிகம் விளைவித்தால் சந்தையில் விலை இறங்கும். நமக்கு நல்லது. ஆனால் பழைய விதையிலேயே தங்கிவிட்ட விவசாயிக்கு விளைச்சலும் கூடாது, விலையும் கிடைக்காது.

தங்க அரிசியில் இந்தப் பங்கீட்டை ஒப்பந்தத்திலேயே எழுதிவைத்தார்கள். ஆண்டுக்கு 10,000 அமெரிக்க டாலருக்குக் கீழ் சம்பாதிக்கும் விவசாயிகளிடம் தொழில்நுட்பக் கட்டணம் கேட்பதில்லை என்பது ஏற்பாடு.

தடை விதித்தாலும் ஒரு பங்கீடு நடக்கிறது. விதை நிறுவனத்துக்கு வருமானம் இல்லை. பூச்சிமருந்து விற்பவருக்கு வருமானம் தொடர்கிறது. முதுகில் தெளிப்பானோடு வயலில் இறங்குபவரின் நிலையும் மாறவில்லை.

சிங்கப்பூர், மலேசியாவில் என்ன நிலை?

சிங்கப்பூர் தன் உணவில் 90 விழுக்காட்டுக்கு மேல் இறக்குமதி செய்கிறது. உலகில் விளையும் சோயாவில் ஏறத்தாழ முக்கால்வாசி மரபணு மாற்றப்பட்டது. சமையல் எண்ணெய், கோழித் தீவனம் என்று ஏதோ ஒரு வழியில் அது நம்மை எட்டிவிடுகிறது. மரபணு மாற்றப்பட்ட உணவுப்பொருள் இங்கே விற்பனைக்கு வருமுன் பாதுகாப்பு மதிப்பீட்டில் தேற வேண்டும். சிங்கப்பூர் உணவு அமைப்பு அதைக் கவனிக்கிறது. மரபணு மாற்ற ஆலோசனைக் குழு 1999இல் அமைக்கப்பட்டது.

மலேசியாவில் 2007இல் உயிரியல் பாதுகாப்புச் சட்டம் நிறைவேறி, 2009 டிசம்பரில் நடப்புக்கு வந்தது. இறக்குமதி, வெளிப்புறச் சோதனை எதுவாக இருந்தாலும் தேசிய உயிரியல் பாதுகாப்பு வாரியத்தின் அனுமதி வேண்டும். கார்ட்டஹேனா உயிரியல் பாதுகாப்பு ஒப்பந்தத்திலும் மலேசியா இணைந்துள்ளது. அந்த ஒப்பந்தம் 2003இல் நடப்புக்கு வந்தது.

ஆக, பக்கத்து நாடுகள் எதை விதைக்கின்றன, எப்படிக் கண்காணிக்கின்றன என்பது நம் சமையலறையையும் தொடும் விஷயம்தான்.

அடுத்த முறை இப்படியொரு செய்தியைப் பார்த்தால்...

"மரபணு மாற்றம் நல்லதா, கெட்டதா?" என்று சமூக ஊடகத்தில் சண்டை போடுவதற்கு முன்னால் ஐந்து கேள்விகள் கேட்டுப் பாருங்கள்:

1. எந்தப் பயிர்? எந்தப் பிரச்சினைக்குத் தீர்வு?
2. விதையை விவசாயி சேமிக்கலாமா, ஒவ்வொரு போகமும் வாங்க வேண்டுமா?
3. சோதித்தது யார்? பணம் கொடுத்தது யார்? எத்தனை ஆண்டு பார்த்தார்கள்?
4. பூச்சி எதிர்ப்புத்திறன் பெறாமல் இருக்க என்ன ஏற்பாடு? அதைச் சிறு விவசாயியால் கடைப்பிடிக்க முடியுமா?
5. வேண்டாம் என்றால், மாற்று வழி என்ன? அதற்கான விலையை யார் கொடுக்கிறார்கள்?

இந்தியா மூன்றாவது கேள்வியில் நின்றுவிட்டது. பங்களாதேஷ் இரண்டாவது கேள்விக்கு நல்ல பதில் வைத்திருக்கிறது, நான்காவதுக்கு இனிமேல்தான் பதில் சொல்ல வேண்டும். பிலிப்பீன்ஸில் ஐந்தாவது கேள்வி நீதிமன்றத்தின் படிக்கட்டில் காத்துக்கொண்டிருக்கிறது.